இரண்டு பெர்த்தாக்கள், ஓர் உயரமானி

மாதிரி ராக்கெட் பழகியவர்களுக்கு எஸ்டெஸ் நிறுவனத்தின் பிக் பெர்த்தாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 61 செ.மீ. உயரம், 4 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமான விட்டம், அகலமான நான்கு பால்சா துடுப்புகள். நிதானமாகக் கிளம்பும், நேராக ஏறும். பேபி பெர்த்தா அதன் குட்டை வடிவம். உயரத்தில் ஏறக்குறைய பாதி, ஆனால் குழாய் அதே பிடி-60 (BT-60) அளவு. இந்த ஒரே அளவுக் குழாயை நம்பித்தான் வேலையில் இறங்கினேன். பேபியின் குழாயிலிருந்து ஒரு துண்டை வெட்டி, பிக் பெர்த்தாவின் தலைக்குக் கீழே ஒரு தனி அறையாகச் சேர்த்து, அதற்குள் சின்ன உயரமானி ஒன்றை வைத்துப் பறக்கவிடுவது என்பது திட்டம்.

எஸ்டெஸ் கிட்களைக் கலந்து கட்டுவது எளிது. அதற்குக் காரணம் அவர்களுடைய பழைய ஒழுங்கு. வெர்னன் எஸ்டெஸ் 1958-ல் டென்வரில் ராக்கெட் மோட்டார் தயாரிப்பில் இறங்கி, 1961-ல் கொலராடோவிலேயே பென்ரோஸ் என்ற சிற்றூருக்குக் கம்பெனியை மாற்றினார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. குழாய்களுக்கு பிடி-5, பிடி-20, பிடி-50, பிடி-60 என்று எண் கொடுத்து அந்த அளவுகளை விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஒரு கிட்டின் மூக்குக் கூம்பு இன்னொரு கிட்டின் குழாயில் கச்சிதமாக உட்காரும். என் கண்ணில், இந்தப் பொழுதுபோக்குக்கு அந்தக் கம்பெனி செய்த பெரிய உதவி இதுதான்.

எதற்காக உயரமானி? எவ்வளவு உயரம் போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை உண்டுதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு. பாராசூட் எந்த நொடியில் வெளியே வருகிறது? உச்சிக்கு முன்பா, உச்சியிலா, இறங்கத் தொடங்கிய பிறகா? கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு இதைக் கணிப்பது கஷ்டம். புகை தெரியும், அப்புறம் பாராசூட் தெரியும், நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. முன்பு உயரத்தையே கோணமானி வைத்துத்தான் அளந்தார்கள். ஏவுதளத்திலிருந்து தெரிந்த தொலைவில் நின்று, உச்சியை நோக்கிய கோணத்தைப் பிடித்து, தொலைவை அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்க வேண்டும். ராக்கெட் காற்றில் உங்கள் பக்கம் சாய்ந்தால் உயரம் கூடிவிடும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் குறைந்துவிடும்.

நான் எடுத்துக்கொண்டது பர்ஃபெக்ட்ஃப்ளைட் நிறுவனத்தின் பீநட். விரல் பருமன்கூட இல்லை, பேட்டரியோடு சேர்த்து 10 கிராமுக்குள். காற்றழுத்தத்தை நொடிக்கு 20 தடவை பதிவு செய்கிறது. தரைக்கு அருகே ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 12 பாஸ்கல் குறையும். அந்தச் சின்ன மாற்றத்தைப் பிடித்து உயரமாக மாற்றுவதுதான் அதன் வேலை. தரையிறங்கியதும் எட்டிய உயரத்தை பீப் ஒலியாக எண்ணிச் சொல்லும். புல்லுக்குள் ராக்கெட்டைத் தேடும்போது அந்தச் சத்தம் வழிகாட்டவும் செய்யும்.

சரி, எடைக்கு வருவோம். இந்த வேலையில் எல்லா முடிவுகளையும் எடை ஒன்றே எடுத்தது.

பிக் பெர்த்தா கிட்டோடு வரும் மோட்டார் மவுண்ட், அதாவது மோட்டாரைப் பிடித்து நிறுத்தும் உட்குழாய், 18 மி.மீ. மோட்டாருக்கானது. அதில் போடக்கூடியவற்றில் வழக்கமான பெரிய மோட்டார் சி6-5. மோட்டார்ப் பெயரில் எழுத்து மொத்த உந்தத்தின் வகுப்பைச் சொல்கிறது. சி என்றால் 5-க்கு மேல் 10 நியூட்டன்-நொடி வரை. எழுத்து ஒன்று ஏறினால் உச்சவரம்பு இரட்டிப்பாகும். அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்கும்வரை எத்தனை நொடி தாமதம் என்பது. சி6-5 மோட்டாருக்கு எஸ்டெஸ் சொல்லும் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 113 கிராம். அறை, அதன் அடியை மூடும் ப்ளைவுட் தட்டு, வளையத் திருகு, பசை, உயரமானி எல்லாம் சேர்ந்து என் ராக்கெட் மோட்டார் இல்லாமலே 112 கிராம் வந்தது. அதில் 24 கிராம் மோட்டாரை வைத்தால் 136. வரம்பைத் தாண்டிவிட்டது. தராசில் இதைப் பார்த்த பிறகும் "கொஞ்சம்தானே" என்று சி6-ல் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். எடை கூடிய ராக்கெட் ஏவுகம்பியை விட்டு மெதுவாக விலகும். அந்த வேகத்தில் துடுப்புகளுக்குப் போதிய காற்றுப் பிடிப்பு கிடைக்காது. ராக்கெட் சாய்ந்து, ஆட்கள் நிற்கிற பக்கம்கூடத் திரும்பலாம்.

அதனால் 24 மி.மீ. மவுண்ட்டுக்கு மாறினேன். பிடி-50 குழாய் ஒரு துண்டு, அதை பிடி-60-க்குள் நடுவில் நிறுத்த இரண்டு மையவளையங்கள், மோட்டார் வெளியே நழுவாமல் பிடிக்கும் உலோகக் கொக்கி, அவ்வளவுதான். முன்பக்க வளையத்தில் சின்னத் துளை போட்டு, கெவ்லார் என்ற வலுவான இழைக் கயிற்றை மவுண்ட் குழாயிலேயே சுற்றிக் கட்டிப் பசை வைத்தேன். பாராசூட்டை உடலோடு பிணைக்கும் நாடாவின் அடி முனை அந்தக் கயிறு. கிட்டில் காட்டியிருப்பதுபோல் காகித மடிப்பில் ஒட்டுவதும் நிற்கும்தான். ஆனால் இவ்வளவு எடையுள்ள தலையைத் தாங்க மவுண்ட்டிலேயே கட்டுவது எனக்கு நிம்மதி. இப்போது சி11, டி12 இரண்டும் போடலாம். டி12-5 மோட்டாரின் எடை வரம்பு 283 கிராம். என் ராக்கெட் அதனுடன் 155 கிராம். தாராளம்.

அடுத்தது அறை. பேபியின் குழாயில் 12 செ.மீ. அளந்து, நேரான விளிம்புள்ள காகிதப் பட்டையைச் சுற்றி, விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டேன். வெட்டும்போது குழாய் நசுங்காமலிருக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு குழாய்களை உள்ளிருந்து இணைக்கும் குட்டைக் குழாயான கப்ளரை உள்ளே தள்ளி, கோட்டுக்கு நேர் கீழே நிறுத்திவிட வேண்டும். புது பிளேடு, லேசான கை. ஒரே அழுத்தில் அறுக்கப் பார்க்காமல் குழாயைத் திருப்பித் திருப்பிக் கோட்டின் மேலேயே ஓட்டினால் நாலைந்து சுற்றில் சுத்தமாகப் பிரிந்து வரும். விளிம்பை உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்து, நீர்த்த சூப்பர் க்ளூ ஒரு சொட்டை ஓடவிட்டால் காகிதம் கெட்டிப்பட்டுப் பிசிறில்லாமல் நிற்கும்.

கப்ளரின் பாதி இந்த அறைக்குள் நிரந்தரமாக ஒட்டப்படுகிறது. மறுபாதி உடற்குழாய்க்குள் நழுவி உட்காரும். பாராசூட் வெளிவரும்போது ராக்கெட் பிரிய வேண்டிய இடம் இதுதான். முன்பு கூம்பு மட்டும் கழன்றது, இனி கூம்பும் அறையும் ஒன்றாகக் கழல வேண்டும். கப்ளரின் அடியில் ப்ளைவுட் தட்டு ஒன்றை எபாக்சியால் ஒட்டி, நடுவில் வளையத் திருகை முறுக்கினேன். நாடாவும் பாராசூட்டும் அதில் மாட்டுகின்றன. நாடா ராக்கெட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் ரப்பர்போல இழுத்துத் திரும்பி வந்து, கனமான தலை உடற்குழாயின் வாயிலேயே இடித்துப் பள்ளம் போடும்.

அறையின் மேல் முனையில் பிக் பெர்த்தாவின் கூம்பு. அது இனி கழலவே கூடாது. கழன்றால் உயரமானி தனியாக விழும். இரண்டு சின்னத் திருகுகளால் இறுக்கினேன். திருகு போடும் இடத்தைக் காற்றுத் துளைகளை முடிவு செய்த பிறகுதான் குறித்தேன். அதற்குக் காரணம் உண்டு.

உயரமானி அளப்பது அறைக்குள் இருக்கும் அழுத்தத்தை. அது வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒத்துப்போக வேண்டுமானால் துளை வேண்டும். ஒரே ஒரு துளை போட்டால், பக்கக் காற்று அந்தப் பக்கம் அடிக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறும், மறுபக்கம் அடிக்கும்போது இறங்கும். சம இடைவெளியில் நான்கு துளைகள் போட்டால் ஒன்றின் பிழையை எதிரே உள்ளது சரிக்கட்டிவிடும். அளவுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 100 கன அங்குல அறைக்குக் கால் அங்குல விட்டத்தில் ஒரு துளை. என் அறையின் உள்ளளவு 100 கன செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், அதாவது 6 கன அங்குலத்தைத் தாண்டும். அந்தப் பரப்பை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 0.8 மி.மீ. வருகிறது. 1 மி.மீ. ட்ரில் பிட்டைக் கையாலேயே உருட்டித் துளைத்தேன். உள்ளே பிசிறு தொங்காதபடி பல்குச்சியில் சூப்பர் க்ளூ தொட்டுக் கெட்டியாக்கினேன்.

துளைகளைக் கூம்பிலிருந்து எவ்வளவு கீழே தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. கூம்பு முடிந்து குழாய் தொடங்கும் இடத்தில் காற்று வளைந்து வேகமெடுப்பதால் அங்கே அழுத்தம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். குழாய் விட்டத்தைப் போல நான்கு மடங்கு தள்ளிப் போனால் அடங்கிவிடும் என்பார்கள். எனக்கு அது 16 செ.மீ.க்கு மேல். 12 செ.மீ. அறையில் அதற்கு இடமில்லை. கப்ளருக்கு ஒட்டி மேலே, முடிந்த அளவு தாழ்வாக வைத்தேன். கூம்பைப் பிடிக்கும் திருகுகள் எந்தத் துளைக்கும் நேர் மேலே வராமல், இரண்டு துளைகளுக்கு நடுவில் விழுமாறு அப்புறம் குறித்தேன். மேலே முட்டிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளும் அதன் பின்னால் வரும் காற்றைக் கலைக்கும். பெயின்ட் அடிக்கும்போதும் துளைகளைப் பல்குச்சி செருகி அடைத்துக்கொண்டேன். ஒரு கோட் ப்ரைமரே 1 மி.மீ. துளையை மூடிவிடும்.

நிலைப்புத்தன்மையைப் பற்றி நிறையப் பேர் தலைகீழாக யோசிக்கிறார்கள். மேலே பாரம் ஏற்றினால் ராக்கெட் ஆடும் என்று நினைப்பு. உண்மையில் ஈர்ப்பு மையம் (எடை சமமாக நிற்கும் புள்ளி) அழுத்த மையத்துக்கு (காற்றின் விசை ஒன்றுசேரும் புள்ளி) முன்னால் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு குழாய் விட்டம் அளவுக்காவது முன்னால். மூக்கில் எடை கூடினால் அந்த இடைவெளி கூடும். அழுத்த மையத்தைக் காகிதத்தில் கணக்கிடும் சூத்திரங்களை 1960-களில் பொழுதுபோக்கு ராக்கெட்காரர்களுக்குக் கொடுத்தவர் ஜேம்ஸ் பாரோமேன். நாசாவில் வேலை பார்த்தவர். இன்று ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் குழாய், துடுப்பு அளவுகளைக் கொடுத்தால் அதே கணக்கை நொடியில் போட்டுத் தருகிறது. அதில் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. அறை இல்லாத வெறும் பிக் பெர்த்தாவில் 43 கிராம் டி12 மோட்டாரை வைத்தால், வால் கனத்து இடைவெளி ஒரு விட்டத்துக்கும் கீழே போகிறது. அறையும் உயரமானியும் சேர்ந்த பிறகு அது இரண்டு விட்டத்துக்கு மேல். அதாவது டி மோட்டாரை இந்த ராக்கெட் பத்திரமாகச் சுமப்பதே தலையில் இருக்கும் சரக்கால்தான். அதனால் உயரமானி இல்லாமல் பறக்கவிடுகிற நாளில் அதே எடைக்குக் களிமண் உருண்டை ஒன்றை ஃபோமில் சுற்றி அறைக்குள் வைத்துவிடுகிறேன்.

மென்பொருள் சொன்னதோடு விடக் கூடாது. மோட்டார், பாராசூட், தீப்பிடிக்காத தாள், உயரமானி எல்லாம் வைத்து முழுசாகத் தயாரான ராக்கெட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமமாக நிற்கும் இடத்தில் குறி வைக்க வேண்டும்; அதுதான் உண்மையான ஈர்ப்பு மையம். என் குறி மூக்கு நுனியிலிருந்து 47 செ.மீ.யில் விழுந்தது.

நாங்கள் இருப்பது டெக்சஸில். கோடையில் புல் காய்ந்து மாவட்ட நிர்வாகம் தீ மூட்டத் தடை போட்டுவிட்டால் ஏவுவதை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் வசந்த காலத்திலேயே மைதானத்துக்குப் போனோம். தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதிப்படி டி மோட்டாருக்கு 500 அடி அகல இடம் வேண்டும், ஏவும்போது 15 அடி தள்ளி நிற்க வேண்டும். ஏவுகம்பியையும் எட்டில் ஒரு அங்குலத்திலிருந்து பதினாறில் மூன்று அங்குலத்துக்கு மாற்றியிருந்தேன். 155 கிராம் கிளம்பும்போது மெல்லிய கம்பி வளைந்து வீசும்.

முதலில் சி11-3. குறைந்த உயரம், எல்லாம் கண் முன்னால் நடக்கும். புதிதாகக் கட்டிய எதையும் இப்படித்தான் தொடங்குவேன். அழகாக ஏறியது. பாராசூட் கொஞ்சம் அவசரமாக விரிந்ததுபோல் பட்டது. மகள் ஓடிப்போய் எடுத்து, பீப் ஒலியை விரல் விட்டு எண்ணினாள். "அப்பா, 91" என்றாள்.

வீட்டுக்கு வந்து பதிவைக் கணினியில் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மருந்து வெடித்த நேரத்தில் ராக்கெட் இன்னும் நொடிக்கு 7 மீட்டருக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. அப்படியானால் உச்சிக்கு இன்னும் முக்கால் நொடி பாக்கி. சி11-3 இதற்கு அவசரக்குடுக்கை, சி11-5 போட்டால் உச்சி தாண்டி ஒன்றேகால் நொடியில் வெடிக்கும். இரண்டில் எனக்குப் பிந்தியதே பிடிக்கும். உச்சிக்குச் சற்றுப் பின்னால் வேகம் இன்னும் பெரிதாக ஏறியிருக்காது, உயரமும் முழுசாகப் பதிவாகியிருக்கும்.

பதிவில் இன்னொன்றும் இருந்தது. அதே வெடிப்பு நொடியில் கோடு திடீரென்று 6 மீட்டர் கீழே குத்தி, இரண்டு அளவீடுகளுக்குப் பின் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ராக்கெட் பத்தில் ஒரு நொடியில் 6 மீட்டர் விழுந்து எழாது. அறைக்குள் அழுத்தம் ஏறினால்தான் உயரமானி "இறங்கிவிட்டோம்" என்று நினைக்கும். கூம்பைக் கழற்றி, டார்ச் அடித்து அறையின் அடியைப் பார்த்தேன். ப்ளைவுட் தட்டில் வளையத் திருகின் முனை எட்டிப்பார்க்கிற இடத்தைச் சுற்றி, பென்சில் முனையால் வரைந்ததுபோல் மெல்லிய கரி வளையம். வெடிப்பு வாயு திருகின் மரை வழியே ஏறியிருக்கிறது. தொட்டால் கையில் ஒட்டுகிற கரி அது. கரிமருந்தின் புகை உலோகத்தை அரிக்கும், சென்சாருக்கு நல்லதே இல்லை.

திருகைக் கழற்றி, மரையில் எபாக்சி பூசித் திரும்ப முறுக்கினேன். மேற்பக்கம் முனையைச் சுற்றி ஒரு சின்ன மேடு போலவும், கப்ளரும் தட்டும் சேரும் விளிம்பு முழுக்கவும் எபாக்சி ஓட்டினேன். காய்ந்த பிறகு நான்கு துளைகளையும் டேப்பால் மூடி, அறையின் மேல் வாயில் வாய் வைத்து ஊதி, தட்டின் அடியில் சோப்பு நீர் தடவிப் பார்த்தேன். குமிழ் வரவில்லை. இந்தச் சோதனை ஐந்து நிமிட வேலை. ஒட்டியவுடனேயே செய்துவிடுங்கள்.

அடுத்து டி12-5. கிளம்பும் சத்தமே வேறு. 30 நியூட்டன் உச்ச விசை இந்த எடையுள்ள ராக்கெட்டைக் கம்பியிலிருந்து உதறித் தள்ளுகிறது. எரிந்து முடிய 1.6 நொடி, அப்புறம் நீண்ட மௌன ஏற்றம், உச்சியில் கிட்டத்தட்ட நின்றுவிட்டபோது பாராசூட் வந்தது. 45 செ.மீ. பாராசூட்டில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இறங்கியது. பதிவில் வெடிப்பு இடத்தில் எந்தக் குத்தலும் இல்லை, வழவழவென்ற வளைவு. உயரம் 218 மீட்டர்.

மென்பொருள் சொன்னது 240. இந்த வித்தியாசத்துக்கு முழுக்கத் துடுப்பின் சொரசொரப்பைக் குறை சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் வெப்பநிலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த வகை உயரமானி, தரையில் 15 டிகிரி என்ற நிலையான வளிமண்டலத்தை வைத்து அழுத்தத்தை உயரமாக மாற்றுகிறது. அன்று மைதானத்தில் 31 டிகிரி. சூடான காற்று விரிந்து லேசாகிவிடுவதால், அதே அளவு அழுத்தம் குறைய இன்னும் அதிக உயரம் ஏற வேண்டும். அதனால் வெயில் நாளில் இந்தக் கருவி உண்மையைவிடக் குறைத்தே காட்டும். கெல்வினில் 304-ஐ 288-ஆல் வகுத்தால் 1.056. 218-ஐ அதனால் பெருக்கினால் 230. மகள் 150 மீட்டர் தள்ளி நின்று கோணமானியில் பிடித்தது 56-லிருந்து 58 டிகிரிக்குள், அதாவது 222-லிருந்து 240 மீட்டர். தனி ஆள் அளவு என்பதால் அதை நான் சாட்சியாகத்தான் வைத்துக்கொள்கிறேன், தீர்ப்பாக அல்ல. ஆனாலும் மூன்றும் ஒரே வட்டாரத்தில் வந்து நின்றதில் எனக்குப் பெரிய சந்தோஷம். மென்பொருளில் மேற்பரப்பைப் "பளபளப்பான பெயின்ட்" என்பதிலிருந்து "சாதாரணப் பெயின்ட்" என்று மாற்றியதும் மிச்ச இடைவெளியில் கொஞ்சம் மறைந்தது. பால்சாவின் நரம்பு என் துடுப்புகளில் இன்னும் தெரிகிறது, அதனால் அதுவே நியாயமான தேர்வு.

இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. இரண்டாவது கிட்டாகப் பேபிக்குப் பதில் இன்னொரு பிக் பெர்த்தாவே வாங்குங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் அதன் 46 செ.மீ. குழாயில் அறையை 22 செ.மீ.க்கு வெட்டலாம். துளைகளைக் கூம்பிலிருந்து நான்கு விட்டம் தள்ளி வைக்க இடம் கிடைக்கும். அறை பெரிதாகும்போது துளையும் பெரிதாக வேண்டும், அதே கணக்கில் ஒவ்வொன்றும் 1.2 மி.மீ. பக்கம் வரும். என் அடுத்த அறைக்குக் கோடு போட்டாகிவிட்டது, புது பிளேடு வாங்க வேண்டும்.